கள்ளக்காசுக்கு அட்டை எழுதுவது எப்படி

என் மாமனார் விட்டுப்போன ஹார்லிக்ஸ் டப்பாவில் 61 காசுகள் இருந்தன. அதில் ஒன்பதை மட்டும் தனியாக ஒரு வேட்டித் துணுக்கில் முடிந்து, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். சீட்டில் ஒரே சொல்: ‘செல்லாது’. கரூரில் ஜவுளிக் கடைக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எனக்கும் கொஞ்ச காலம் போதுமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்துவிட்டு வந்து, ராத்திரி சமையலறை மேசையில் காசுகளுக்கு அட்டை எழுதுவேன். நல்ல காசுக்கு அட்டை நீளமாக இருக்கும்: அரசர், ஆண்டு, எடை, அக்கசாலை (காசு அடித்த இடம்), எங்கே கிடைத்தது. கள்ளக்காசு என்றால் ‘டூப்ளிகேட்’ என்று எழுதி கடைசித் தட்டில் போட்டுவிடுவேன். இது எவ்வளவு மோசமான பழக்கம் என்று ஒரே ஒரு ரூபாய்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

2009-ல் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று வாங்கினேன். ஆண்டு 1939. சேகரிப்பவர்களுக்கு இந்த ஆண்டு எவ்வளவு அரிது என்று தெரியும். 1938 ரூபாய் எளிதாகக் கிடைக்கும், 1939 கிடைக்காது. வீட்டுக்கு வந்ததும் நிறுத்தேன்: 11.64 கிராம். தண்ணீரில் போட்டு ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று பார்த்தேன்: 10.3. ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளியுள்ள பழைய ரூபாய்க்கு மிகச் சரி. நானும் மகிழ்ந்து நீளமான அட்டை எழுதினேன். எட்டு மாதம் கழித்து என் பழைய மாணவன், இப்போது நகை ஆசாரி, லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “டீச்சர், இந்த ஒம்பதுக்கு வயித்துல தையல் போட்ட மாதிரி இருக்குதுங்க.”

1938-ன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தார்கள். வெள்ளி நல்லது, அக்கசாலை நல்லது, அரசர் நல்லவர். நாலு எண்களில் ஒன்று மட்டும் பொய். அதே தட்டில் பக்கத்தில் மாமனாரின் 1840 விக்டோரியா ரூபாய் கிடந்தது. அது முழுக்க முழுக்க ஈயக் கலவை. இரண்டுக்கும் நான் ‘டூப்ளிகேட்’ என்று ஒரே சொல்லை எழுதினால், அந்தச் சொல் எதையுமே சொல்லவில்லை என்றுதானே ஆகிறது? அன்றிலிருந்து கடைசித் தட்டைக் கலைத்து அடுக்கத் தொடங்கினேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: யாரை ஏமாற்ற?

எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்காதீர்கள். பலர் அப்படித்தான் ‘நல்ல டூப்ளிகேட், மட்டமான டூப்ளிகேட்’ என்று பிரிக்கிறார்கள். அது வியாபாரிக்கு உதவும், பட்டியலுக்கு உதவாது. செய்தவன் யாரை மனதில் வைத்துச் செய்தான் என்று கேளுங்கள். சந்தையில் அரிசி விற்றவளையா? என்னைப்போல் லூப்போடு உட்கார்ந்திருக்கும் பைத்தியத்தையா? சாமி கும்பிடுகிறவரையா? அல்லது யாரையுமே இல்லையா? பதிலுக்கு ஒரு எழுத்து கொடுங்கள். என் நோட்டில் உள்ள எழுத்துகள் ச, வே, தி, கற், மறு, போல், நகல், கே. உங்களுக்கு வேறு வசதிப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை வைத்த எழுத்தை நடுவில் மாற்றினால் பழைய அட்டை எல்லாம் பொய்யாகிவிடும். ஒருமுறை மாற்றிவிட்டு ஒரு மே மாத விடுமுறை முழுவதும் திருத்தி எழுதினேன்.

ச: சந்தைக்குச் செய்தது

அந்தக் காசு புழங்கிய காலத்திலேயே, செலவழிப்பதற்காக அடித்த கள்ளக்காசு. மாமனாரின் 1840 ரூபாய் இந்த இனம். எடை 9.52 கிராம். நல்ல ரூபாய் 11.66 இருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனையில் ஒப்படர்த்தி 8.5 வந்தது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றாசு ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். ஆனால் பித்தளையும் அதே 8.5 பக்கம்தான் நிற்கும் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல், வெள்ளைத்தாளில் விளிம்பை வைத்து இழுத்துப் பார்த்தேன். பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. ஈயம் கலந்திருப்பது உறுதி.

இந்த இனத்தைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். என் தட்டிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். விளக்கு வெளிச்சத்தில், அவசரத்தில், யாரோ ஒருவர் கையில் இது ஒரு ரூபாயாக மாறியிருக்கிறது. இன்னொருவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் போயிருக்கிறது. இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கவே தொழில் இருந்தது. சங்கப் புலவர் பெயர்களில் ‘வடமவண்ணக்கன் பேரிசாத்தனார்’ என்று வருகிறதே, அந்த வண்ணக்கன் என்ற சொல்லுக்கு நாணயம் சோதிப்பவன் என்று பொருள். பின்னாளில் காசு மாற்றித் தரும் சராப்புகள் வந்தார்கள். அவர்கள் சந்தேகம் வந்த காசின் உடம்பில் சின்ன உளியால் ஒரு வெட்டுப் போடுவார்கள். உள்ளேயும் வெள்ளி தெரிந்தால் காசு பிழைத்தது. செம்பு தெரிந்தால் மேலே பூசிய முலாம் என்று அர்த்தம். அட்டையில் இந்த வெட்டைக் கட்டாயம் குறியுங்கள்: எத்தனை, எந்தப் பக்கம், உள்ளே என்ன நிறம். செம்பு தெரிந்த வெட்டு இருந்தால் நான் ‘ச-பிடிபட்டது’ என்று எழுதுவேன்.

ஒரு எச்சரிக்கை. காசில் 1840 என்று இருப்பதால் கள்ளக்காசும் 1840-ல் அடித்தது என்று எழுதிவிடக் கூடாது. பழைய ரூபாய் பல பத்தாண்டுகள் புழங்கியது. யாராவது 1880-ல் உட்கார்ந்து 1840 காசை வார்த்திருக்கலாம். ‘காசில் உள்ள ஆண்டு’ என்று ஒரு வரி, ‘செய்த காலம்’ என்று வேறொரு வரி. இரண்டாவது வரி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

1940-களின் ரூபாயைக் கையில் எடுத்தால் விளிம்பைப் பாருங்கள். வெள்ளியைப் பாதியாகக் குறைத்த அரசு, விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் ஓட்டி அதற்குள் ஒரு கோலத்தையும் ஓடவிட்டது. கள்ளன் வார்ப்பில் அதைப் பிடிக்க முடியாது என்ற கணக்கு. ச-இனத்துக்குப் பயந்து அரசாங்கமே வேலியிட்ட கதை அந்த விளிம்பில் இருக்கிறது.

சவரன்தான் என்னைக் குழப்பியது. நம் ஊரில் எட்டு கிராமுக்கே பெயராகிப்போன அந்த ஆங்கிலப் பொற்காசுக்கு 7.98 கிராம், 22 காரட் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெய்ரூட் பக்கம் அடித்த கள்ளச் சவரன்களில் தங்கம் சரியாகவே இருந்தது. தங்கத்தின் விலையைவிடச் சவரனாக விற்றால் விலை கூட என்பதால், முத்திரையில் மட்டும் லாபம் பார்த்தார்கள். எடை, மாற்று, ஒப்படர்த்தி எல்லாம் தேறிவிடும். உரைகல்லில் உரசிக்கொண்டே இருந்தால் பொழுதுதான் போகும். கழுத்து மடிப்பும் எழுத்தின் முனையும்தான் காட்டிக்கொடுக்கும். இது வியாபாரத்தை ஏமாற்றச் செய்தது என்பதால் ச-விலேயே வைத்து, பக்கத்தில் ‘உலோகம் நல்லது’ என்று எழுதுகிறேன்.

வே: வேட்டைக்குச் செய்தது

இது நம்மைக் குறிவைத்தது. காசு செல்லாமல் போய் நூறு, ஆயிரம் ஆண்டு ஆனபின், சேகரிப்பவனிடம் விற்பதற்காகச் செய்தது.

கரூர்க்காரி என்பதால் எனக்கு வரும் வேட்டைக்காசு பெரும்பாலும் சங்ககாலச் சேரர் பெயரில் வரும். அமராவதி ஆற்றுப்படுகையில் உண்மையிலேயே சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. மாக்கோதை என்ற சேர அரசர் பெயரைத் தமிழ் பிராமியில் எழுதி, ரோமானியக் காசைப் பார்த்து வரைந்ததுபோல் ஒரு தலையைப் போட்ட வெள்ளிக்காசு உலகம் அறிந்தது. உண்மை இருக்கிற இடத்தில்தான் பொய்யும் கடை போடும். ஒருவர் “ஆத்துல சலிச்சதுங்க அம்மிணி” என்று ஒரு மாக்கோதை கொண்டுவந்தார். மூன்று வருஷம் கழித்து வேறொருவர் வேறொன்று கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே அளவு உடைவு. மூக்குக்குக் கீழே ஒரே மாதிரிக் குழி. கையால் அடித்த காசில் இரண்டு ஒன்றுபோல இருக்கவே முடியாது. அச்சு ஒன்றாக இருந்தாலும் அடி விழுந்த கோணமும் விளிம்பின் ஒழுங்கும் மாறும். இரண்டும் ஒரு தாயிடம் வார்த்த பிள்ளைகள்.

ஆகவே, வே-இனத்தில் கள்ளக்காசைத் தனியாக எழுதாதீர்கள், குடும்பமாக எழுதுங்கள். ஒரே குழி, ஒரே உடைவு உள்ளவற்றுக்கு ஒரே குடும்ப எண். என் பட்டியலில் அந்த இரண்டும் வே-7/1, வே-7/2. பிறகு நண்பர் அனுப்பிய படத்தில் அதே உடைவோடு மூன்றாவது வந்தபோது, காசைக் கையில் தொடாமலேயே வே-7/3 என்று எழுத முடிந்தது. கள்ளக்காசுப் பட்டியலால் வரும் மிகப் பெரிய லாபம் இதுதான். நல்ல காசுப் பட்டியல் நம்மிடம் என்ன இருக்கிறது என்று சொல்லும். கள்ளக்காசுப் பட்டியல் அடுத்தவர் எதை வாங்கக் கூடாது என்று சொல்லும்.

வார்ப்பின் அடையாளங்களை வரிசையாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தரையில் குண்டூசி குத்தியதுபோல் நுண்குழிகள். எழுத்துகளின் ஓரம் சோப்புக் கட்டி கரைந்ததுபோல் மழுங்கல். விளிம்பைச் சுற்றி அச்சுப்பெட்டி ஒட்டிய தழும்பு, அல்லது அந்தத் தழும்பை அரத்தால் தேய்த்த வரி. களிம்பு என்றால் உலோகத்துக்குள்ளிருந்து வளர வேண்டும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் பூசியது.

எல்லா வேட்டைக்காசும் வார்ப்பாக இருக்கும் என்று நினைத்து ஏமாறவும் கூடாது. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்றொருவர், 1772-ல் பிறந்து 1830-ல் இறந்தவர், கையாலேயே அச்சு வெட்டிப் பழைய கிரேக்க, ரோமானியக் காசுகளை அடித்தார். புதுக்காசின் பளபளப்பைப் போக்க, இரும்புத் தூளோடு ஒரு பெட்டியில் போட்டு வண்டியின் அச்சில் கட்டி ஊர்சுற்ற விடுவாராம். இன்றைக்குப் பெக்கரின் காசுகளையே தேடிச் சேகரிக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பாதுவா நகரில் ஜொவான்னி தா கவீனோ செய்த ரோமானியப் பதக்கங்களுக்கும் அதே மரியாதை. ‘பாதுவான்’ என்று தனி இனப்பெயரே உண்டு. செய்தவன் பெயர் தெரிந்தால், வே-எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். அதன்பின் அது ஒரு கலைஞனின் படைப்பாகவும் பட்டியலுக்குள் வந்துவிடும்.

தி: திருத்தியது

என் 1939 இங்கே வருகிறது. காசு நல்லது, யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள். ஆண்டைச் சுரண்டுவது, அக்கசாலைக் குறியை அழிப்பது, ராஜராஜன் செப்புக்காசுக்குத் தங்கமுலாம் பூசிப் பொற்காசு என்பது எல்லாம் தி. ஆண்டையோ குறியையோ திருத்தியிருந்தால் எடைச் சோதனை கைகொடுக்காது. திருத்தம் நடந்த இடத்தை லூப்பில் பார்த்தால்தான் தெரியும். அட்டையில் இரண்டு வரி வேண்டும்: ‘அடிப்படை: 1938 ரூபாய், நல்லது’, ‘திருத்தம்: 8 → 9’. முலாம் பூசிய நகைக்காசைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. கொக்கி வைத்த தழும்பு இருந்தால் அது தாலிக்கோ மாலைக்கோ போன காசு. ஏமாற்ற அல்ல, அழகுக்கு.

கற்: கற்பனை

வாரம் ஒருவராவது எனக்குப் படம் அனுப்புவது இந்த இனம்தான். ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, ஆண்டு 1616 அல்லது 1717 அல்லது 1818. “நெல்லை இழுக்குமாம் டீச்சர், பல கோடி போகுமாம்.”

1616-ல் கம்பெனி சூரத்தில் கடைபோட்டு சில ஆண்டுதான் ஆகியிருந்தது. மதராசில் கோட்டைக்கு அடிபோட இன்னும் இருபதுக்கு மேற்பட்ட ஆண்டு இருந்தது. கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் என்பதே 1835-ல்தான் வந்தது. அப்படி ஒரு அரை அணாவை எந்த அக்கசாலையும் அடிக்கவில்லை. அசல் இல்லாதபோது ‘போலி’ என்றும் சொல்ல முடியாது. எதற்குப் போலி? அதனால்தான் தனி எழுத்து. ஒரு காசு கற்-இனமா என்று பார்க்க ஒரே விதி: நிலையான பட்டியலில் இந்த முகமும் இந்த ஆண்டும் சேர்ந்து எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் கற்.

ரைஸ் புல்லிங், இரிடியம் என்று இந்தப் பித்தளைத் துண்டை வைத்து வீட்டை விற்றவர்கள் கதை நமக்குப் புதிதில்லை. என்னிடம் படம் அனுப்புபவரிடம் நான் கோபப்படுவதில்லை. அவர் அதற்காக ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டாரா, இனிமேல்தானா என்பதை மட்டும் முதலில் கேட்பேன்.

ராமடங்கா எனப்படும் பூஜைக்காசு இதிலிருந்து வேறு. அது கோயிலிலும் வீட்டுப் பூஜையறையிலும் வைக்கச் செய்தது. காசு என்று யாரும் செலவழிக்கவில்லை. பழையதும் உண்டு, நேற்று அடித்ததும் உண்டு. நேற்று அடித்ததை ‘விஜயநகரக் காலம்’ என்று ஒருவர் விற்றால்? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். செய்தவன் பூஜைக்குச் செய்தான். பொய் சொன்னது விற்றவன். என் வழக்கம் இது: எழுத்து, செய்தவன் எண்ணத்துக்கு; விற்றவன் பொய்யை அட்டையின் கடைசியில் ‘கதை’ என்ற வரியில் எழுதுவேன். எவனோ சொன்ன பொய்க்காகக் காசைத் தண்டிக்கக் கூடாது.

மறு, போல், நகல்: கள்ளம் இல்லாத மூன்று

இவை கடைசித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை, உள்ளே அல்ல. ஆனால் கள்ளக்காசு என்று பழி சுமப்பவை என்பதால் எழுத்து கொடுத்தே தீர வேண்டும்.

மறு என்றால் மறு அச்சு. ஆஸ்திரிய மரியா தெரேசா வெள்ளிக்காசில் எப்போதும் 1780 என்றுதான் இருக்கும். அரபு, எத்தியோப்பிய வியாபாரிகள் அந்த முகத்தைத் தவிர வேறெதையும் வாங்க மறுத்ததால், அவர் இறந்தபின்னும் அதே ஆண்டோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1940, 41-ல் பம்பாய் அக்கசாலையும் அதை அடித்தது. பம்பாயில் அடித்த ஆஸ்திரியக் காசு! ஆண்டு பொய், காசு மெய். அதேபோல் கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் சேகரிப்பவர்களுக்காகப் பழைய அச்சிலிருந்து மறுபடி அடித்துக் கொடுத்த பிரிட்டிஷ் இந்தியக் காசுகளும் உண்டு. கண்ணாடிபோல் பளபளக்கும். விலை வேறு, அதனால் அட்டை வேறு.

போல் என்பது போலச்செய்தது. ராஜராஜனின் நின்ற மனிதன், அமர்ந்த மனிதன் உள்ள காசைப் பார்த்து இலங்கை அரசர்கள் தங்கள் பெயரில் அடித்தார்கள். அது கள்ளமல்ல, வழக்கம். தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைக்கும் சிறு ரோமானியச் செப்புக்காசுகளில் உள்ளூரில் போலச் செய்தவையும் கலந்திருக்கின்றன. சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் செய்ததா, ஏமாற்றவா என்று கேட்டால் காசு வாய் திறக்காது. ஊரறிய புழங்கியிருந்தால் நான் போல்-இல் போடுவேன். புதுக்கோட்டை வட்டாரத்தில் 1898-ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளிவெட்டு உண்டு. வெட்டு இருக்கிறதே என்று கள்ளத்தட்டில் தள்ளினால் பெரிய பாவம்.

நகல்: அருங்காட்சியகக் கடையில் விற்பது, காசுமாலைக்கு மெல்லிய தகட்டில் அடித்தது, தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு. ஒரு வரி போதும்.

இந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். நம் ஊரில் கண்டக்டரும் கடைக்காரரும் “கோடு பத்து இருந்தா நல்லது, பதினஞ்சு இருந்தா கள்ளம்” என்று திருப்பிக் கொடுத்த அதே காசு. 2018-ல் ரிசர்வ் வங்கியே 14 வடிவங்களும் செல்லும் என்று சொன்ன பிறகும் ஊர் கேட்கவில்லை. அதன் அட்டையில் ‘நிரபராதி’ என்று எழுதியிருக்கிறேன். பட்டியலில் அப்படி ஒரு இனம் கிடையாது, என் குறும்பு.

பதக்கம் வந்தால்

1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் காசு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், சோழி காசல்ல, முத்திரையிடாத செம்புத் துண்டு காசல்ல, பதக்கமும் காசல்ல என்று சொல்லியிருந்தது. பணமாகப் புழங்கும் எண்ணத்தோடு செய்ததில்லை என்பதால். பட்டியல் எழுதுகிறவருக்கும் அதுவே முதல் பாடம். பதக்கத்துக்கு ச-இனம் கிடையாது. யாரும் பதக்கம் கொடுத்து அரிசி வாங்கவில்லை. ஆனால் தி-இனம் கொள்ளையாக உண்டு.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் விலை வெள்ளியில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று விளிம்பில் பொறித்திருப்பார்கள். சாதாரணப் பெயரை அரத்தால் எடுத்துவிட்டு, பேர்போன படைப்பிரிவின் பெயரைப் பொறித்தால் விலை பல மடங்கு. இதைப் பிடிக்க உங்களுக்கு வேண்டியது நுண்ணளவு காட்டும் ஒரு டிஜிட்டல் வெர்னியர். முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கம் 36 மில்லிமீட்டர் குறுக்களவு. மேலிருந்து கீழே ஒன்று, இடமிருந்து வலம் ஒன்று, சாய்வாக இரண்டு என்று நாலு அளவு எடுங்கள். அரம் பட்ட இடத்தில் அளவு குறையும். என்னிடம் உள்ள ஒன்று மூன்று திசையில் 36.0, ஒரு திசையில் 35.6. அட்டையில்: ‘பதக்கம் நல்லது, பெயர் பின்னால் பொறித்தது’.

எழுத்தின் பாணியையும் குறியுங்கள். குத்திப் பதித்த எழுத்தா, கையால் செதுக்கியதா? காலத்துக்கும் பதக்கத்துக்கும் தகுந்தபடி இது மாறும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்த பதக்கங்களை, இந்தியப் படைவீரர்களுக்குப் பெயரோடு கொடுத்தார்கள். ஆகவே ‘பெயர் இருக்கிறது, எனவே சந்தேகம்’ என்று லண்டன்காரர் சொல்லும் விதி, ஒரு தமிழ்ச் சிப்பாயின் பதக்கத்துக்கு அப்படியே பொருந்தாது.

அளவு மாறினால் போலி என்றும் முடிவு கட்டாதீர்கள். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கம்பெனி கொடுத்த பதக்கத்தில் சிங்கம் ஒன்று புலியைக் கீழே அமுக்கியிருக்கும். புலி திப்பு என்று சொல்லத் தேவையில்லை. பர்மிங்காம் பக்கத்துச் சோஹோ அக்கசாலையில் அடித்தது 48 மில்லிமீட்டர். கல்கத்தாவில் அடித்தது 45. தங்கம், வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று பதவிக்குத் தகுந்த உலோகம். 45-ஐப் பார்த்து ‘சுருங்கிவிட்டது, வார்ப்பு’ என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வார்ப்பில் உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒன்றிரண்டு சதவீதம். மூன்று மில்லிமீட்டர் போகாது.

அட்டையில் என்ன எழுத வேண்டும்

நல்ல காசுக்கு எந்தப் பட்டியல் எண்ணோ, கள்ளக்காசுக்கும் அந்த எண்ணையே முதலில் எழுதுங்கள். பிறகு எழுத்து, குடும்ப எண். அப்போதுதான் ஒரு காசைத் தேடும்போது அதன் கள்ளமும் பக்கத்திலேயே வரும். கற்-இனத்துக்கு மட்டும் எண் கிடையாது. அது தனி நோட்டு.

எடை இரண்டு தசமத்துக்கு. குறுக்களவு. தடிமன். அச்சுத் திசை: காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால் பின்பக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழா? கள்ளர்கள் கோட்டைவிடும் இடம் இது. காந்தம்: வெள்ளி ஒட்டாது. ஆனால் 1947 ரூபாய் நிக்கல், அது ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால்தான் சந்தேகம். காந்தத்தை எல்லாக் காசுக்கும் ஒரே தீர்ப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் இந்த ரூபாயை அநியாயமாகத் தள்ளியிருக்கிறார்கள்.

ஒப்படர்த்தி பார்க்க ஆய்வகம் வேண்டாம். 0.01 கிராம் காட்டும் தராசு, ஒரு டம்ளர், தையல் நூல் போதும். காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டுவதுதான் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3: பழைய ரூபாய். 1.22 காட்டினால் 9.5 சுற்று: பாதி வெள்ளி. 1.34 காட்டினால் 8.7: ஜெர்மன் சில்வர், வெள்ளியே இல்லை. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் சொன்ன வாக்கியம், விட முடியவில்லை.

படம் மூன்று: முன், பின், விளிம்பு. விளிம்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழ வேண்டும். குழிகள் அப்போதுதான் நிழல் காட்டும்.

பிறகு ‘எப்படித் தெரிந்தது’ என்று ஒரு வரி. ‘பார்த்தால் தெரிகிறது’ என்று எழுதாதீர்கள். பார்த்து நான் சொன்னது இரண்டு முறை தப்பியிருக்கிறது. எதை அளந்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். நாளை இன்னொருவர் மறுத்தால் அந்த வரியோடுதான் வாதாட முடியும். முடிவு தெரியாவிட்டால் கே என்று எழுதி நிறுத்துங்கள், கேள்வி. என் பட்டியலில் பதினான்கு கே இருக்கிறது, அதில் எனக்கு வெட்கமில்லை.

ச-இனக் காசுகளில் இன்றும் புழங்கும் காசின் கள்ளம் வந்தால் சேகரிக்கவே கூடாது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 178-ஆம் பிரிவிலிருந்து கள்ளக்காசு பற்றியவைதான். ‘சேகரிக்கிறேன்’ என்பது நல்ல வாதம் என்று நினைத்துப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். பழங்காசின் கள்ளத்தையும் விற்கும்போது அட்டையோடு கொடுங்கள். நான் விற்பதே இல்லை. என் 1939-ஐத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வியாபாரி, “கண்காட்சி முடிஞ்சுபோச்சே” என்றார். யாரோ ஒருவரிடத்தில் அது நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மாமனாரின் துணிமுடிச்சில் ஒன்பது என்றேன். எட்டுக்கு அட்டை எழுதிவிட்டேன்: ச ஐந்து, நகல் இரண்டு, கே ஒன்று. ஒன்பதாவது ஒரு ஆற்காடு ரூபாய். முகம் முழுக்க உளிவெட்டு, பதினொன்று எண்ணினேன், அம்மைத் தழும்பு மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவர் செல்லாது என்று முடிந்திருக்க வேண்டும். 1759-ல் இறந்த முகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் பெயரும் 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டும் அதில் உண்டு. பாதுஷா இறந்து பல ஆண்டு கழித்தும் கம்பெனி அதே பெயரையும் அதே ஆண்டையும் போட்டு அடித்தது. ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் லூப்பை இறக்கிப் பார்த்தேன். பதினொன்றிலும் வெள்ளி. ஒப்படர்த்தி 10.4.

அட்டை: ‘ஆற்காடு ரூபாய், நல்லது. சராப்பு வெட்டு 11, உள்ளே வெள்ளி. கதை: மாமனார் கணிப்பு, செல்லாது.’ மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன். அவருடைய சீட்டையும் கூடவே வைத்திருக்கிறேன்.